பெரியவருக்கு ஒரு கை உப்பு

லகாட்,
1 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உனக்குத் தேநீர்க் கடையில் வேலை கொடுத்திருக்கும் மலாய்க்காரம்மா மக் சுவிடம்கூட. அவருக்குத் தமிழ் தெரியாது என்பாய். பரவாயில்லை, காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

என் போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் மறுபடியும் காகிதம். காலையில் பள்ளி வேனில் ஏறும்போது, வேன் ஓட்டும் பிரமிளா அக்கா கையில் கொடுத்துவிடுவேன். ஐயாவு அண்ணன் முட்டை லாரியில் வழக்கம்போல் கொண்டுவருவார். தன் புருஷன் அதை எந்த ஊரில் இறக்குகிறார் என்று பிரமிளா அக்கா சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

ஒரு செய்தி. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் எல்லாரும் வேன் எடுத்துக்கொண்டு சுற்றப் போகிறோம். நம் வீட்டில்தான், நம்பு. கேமரன் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பகாங் காட்டுக்குப் போகிறோம். மான், இருவாச்சி, யானை எல்லாம் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். சின்னவள் யோகிதா அன்றிலிருந்து யானை மாதிரிதான் நடக்கிறாள். வழி பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கே பசியாறுவது, எங்கே தங்குவது என்று எல்லாம் நான்தான் தேட வேண்டும்.

உன் பேரை இன்னும் யாரும் சொல்வதில்லை. கனகராஜ் அத்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அம்மா சோறு போடுகிறாள். "ஒங்கக்கா போன் பண்ணாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். இல்லை என்கிறேன். அவர் போன பிறகு நான் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உன் பக்கம் மிருகம் வருமா? கை எப்படி இருக்கிறது?

உன் தங்கை,
துளசி

*

5 டிசம்பர்

என் துளசிக்குட்டிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் மூன்று தடவை படித்தேன், அதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

கை எலும்பு சேர்ந்துவிட்டது. பெரிய தேநீர்க் கெண்டியைத் தூக்க முடிகிறது. மழை நாளில் மட்டும் முழங்கை வலிக்கும். இங்கே தினமும் மழை. நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அப்பா இன்னும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? சொல்லட்டும்.

மிருகமா? கடைக்குப் பின்னால் குரங்கு. காலையில் இருவாச்சி பறந்தால் யாரோ பாயை உதறுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். யானையும் உண்டு. ஆனால் இந்தச் சாலையில் யாரும் அந்தப் பேரைச் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்பார்கள். மலை ஏறுவதற்கு முன் முதல் வளைவில் லாரிக்காரர்கள் ஒரு கை கல் உப்பைச் சாலை ஓரத்தில் வீசிவிட்டுத்தான் போவார்கள். பெரியவருக்கு உப்பு என்றால் உயிர். உப்பு போட்டவன் வண்டியை மறிக்கமாட்டாராம். நானும் இங்கே வந்த முதல் நாள் ஐயாவு அண்ணன் லாரியில் உட்கார்ந்து, நல்ல கையால் வீசினேன்.

யோகிதாவுக்கு இந்தக் கதையைச் சொல். நன்றாகச் சுற்றிவிட்டு வாருங்கள். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வை, அவளுக்குத் தலை சுற்றும்.

தினேஸ்வரி

*

லகாட்,
12 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு தப்பு செய்துவிட்டேனா என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே சொல்.

பயணத்துக்கு வைத்திருக்கும் பெட்டியில் ஒரு பொட்டலம் கல் உப்பு போட்டேன். நேற்று அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"உப்பு எதுக்குலா? அங்க போய் கருவாடு போடப் போறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் யோகிதா சொல்லிவிட்டாள். "பெரியவருக்குப்பா. மொத வளைவுல வீசணும். பேரு சொல்லக்கூடாது."

அப்பா சிரிக்கவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"யாரு சொன்னா?"

"ஸ்கூல்ல படிச்சேன்பா" என்றேன்.

"இத ஸ்கூல்ல சொல்லிக் குடுக்க மாட்டாங்க. நான் மரலாரி ஓட்டுன காலத்துல போட்ட உப்பு இது. பகாங்ல எவனும் போட மாட்டான். அந்த ஒரு ரோட்டுலதான்."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. பொட்டலத்தை அது இருந்த இடத்திலேயே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கேமரன் வேணாம். கிரிக் வழியா போலாம். அங்கதான் பெரியவரு நெறைய" என்றார். யோகிதா கை தட்டினாள்.

அக்கா, நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இன்று அவர் என் போனை வாங்கிப் பார்க்கவில்லை. எனக்குக் கோழிக்காலை எடுத்து வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டேன்.

துளசி

*

15 டிசம்பர்

துளசிக்குட்டி,

தப்பு உன்னுடையது இல்லை. எழுதியவள் நான். உனக்கு ஏதாவது நல்லதாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மலை ஏறுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கடையில் நிறுத்துவார்கள். வேறு கடை கிடையாது.

நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா மட்டும் வந்தால் ஓடமாட்டேன். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பேன், சீனி குறைவாக. என் கையைக் காட்டுவேன். ஒரு தடவை நேரில் பார்த்தால் "புருஷன் வூடுதான் ஒன் வூடு" என்று மறுபடியும் சொல்வாரா? சொல்லமாட்டார் என்று ஒரு எண்ணம் எனக்கு. அம்மாவையும் பார்க்கலாம். பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

ஆனால் கனகராஜும் கூட வந்தால், என்னை மறுபடியும் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் விடுவார்கள். இந்தத் தடவை கையோடு நிற்காது. இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை.

ஒன்றே ஒன்று பார்த்துச் சொல். வேனில் யார் யார் ஏறுகிறீர்கள்? மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எதையும் தெரிந்த மாதிரி காட்டாதே. ஒழுங்காகச் சாப்பிடு, தூங்கு.

தினேஸ்வரி

*

லகாட்,
18 டிசம்பர்

அக்கா,

முதலில் முக்கியமானது. போய்விடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே.

நாளை பள்ளி கடைசி நாள். காலையில் பிரமிளா அக்காவிடம் கொடுத்தால், ஐயாவு அண்ணன் மாலைக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவார். நாங்கள் சனிக்கிழமை விடிவதற்கு முன் புறப்படுகிறோம். நடுவில் உனக்கு ஒரு ராத்திரி இருக்கிறது. முட்டை இறக்கிவிட்டு அண்ணன் எந்தப் பக்கம் போனாலும் நீயும் ஏறிக்கொள். பிரமிளா அக்காவிடம் நான் சொல்லிவிடுவேன்.

என் பேரை இப்போதே எழுதிவிடுகிறேன்: துளசி. யாராவது வந்தால் அப்படியே மடித்துச் சாக்ஸுக்குள் வைத்துவிடுவேன்.

வேனை ஓட்டப் போவது கனகராஜ் அத்தான். இன்று சாயங்காலம் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். அப்பா முன்னால் உட்காருகிறார். நடுவில் அம்மாவும் யோகிதாவும். நான் கடைசி சீட்டில். என் பையை என் பக்கத்து சீட்டில் வைத்தேன். அத்தான் அதை எடுத்துக் கீழே வைத்தார்.

"அந்த சீட்டு காலியா இருக்கட்டும்லா. வரும்போது ஆள் ஏறும்."

அப்பா பக்கத்திலேயே நின்றார். தரையைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன், அக்கா. அவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. நெத்திலிச் சம்பல் செய்து தனி டப்பாவில் போட்டிருக்கிறாள். நம் வீட்டில் அதை நீ மட்டும்தான் சாப்பிடுவாய். உன் பச்சைச் சுடிதாரை அயர்ன் பண்ணி மேலாக வைத்திருக்கிறாள். "புள்ள எளைச்சிருப்பா" என்று என்னிடம் சொன்னாள். இத்தனை மாதம் கழித்து உன்னைப் பற்றி அவள் சொன்னது அதுதான். அவள் முகம் சந்தோஷமாக இருந்தது. உன்னை வீட்டுக்கு அழைத்து வருவதாக நினைக்கிறாள். எந்த வீட்டுக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவிடம் கேட்பாள், அப்பா என்னிடம் கேட்பார்.

யோகிதா உப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாளாம். முதல் வளைவில் அவள்தான் வீசுவாளாம். வீசட்டும். நாங்கள் உன் கடையில் நிறுத்துவோம். மக் சு ஐந்து பேருக்கும் தேநீர் ஊற்றுவார். நான் உன்னைத் தேடுகிற மாதிரி எங்கேயும் பார்க்கமாட்டேன். காட்டைப் பார்ப்பேன். பெரியவர் வந்தால் கை காட்டுவேன்.

இன்னும் ஒன்று, இதுதான் கஷ்டம். இனிமேல் எழுதாதே. புது இடம் எது என்று எனக்குச் சொல்லாதே. அங்கே என்ன பறவை வருகிறது, மழை பெய்கிறதா, எதுவுமே சொல்லாதே. ஐயாவு அண்ணனிடமும் சொல்லி அனுப்பாதே. எனக்குத் தெரியாவிட்டால்தான் நான் சொல்லாமல் இருக்க முடியும். நான் தைரியசாலி இல்லை என்று உனக்குத் தெரியும். கேட்டால் எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று எனக்குத் தெரியாது.

நான் நன்றாகப் படிக்கிறேன். சாப்பிடுகிறேன். நீயும் கெண்டியை இரண்டு கையாலும் தூக்கு. அந்தப் பச்சைச் சுடிதாரை நான் போட்டுக்கொள்வேன், எனக்கு இப்போது சரியாக இருக்கும். அடுப்பில் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். யாரும் கூப்பிட