ஆறாம் எண் பதில்

1958 ஜூலை 7, திங்கள்

விடியற்காலையில் சுமத்ரா மழை, கடல் பக்கமிருந்து காற்றோடு. மலாக்காவில் எங்கள் காஜா பேராங் ரோடு முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட்டம். கம்பெனி டைப்பிஸ்ட் வேலைக்குப் போகிற லட்சணம் இது.

மேசை மேல் தபால் குவியல். ரப்பர் விலை கேட்டு நாலைந்து. மிச்சமெல்லாம் மனு. ஆகஸ்ட் முடிவதற்குள் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டால் மலாய்ப் பரீட்சை கிடையாதாம். அதனால் எங்கள் கம்பெனி பார்க்கிற தோட்டங்களில் எந்தக் காலத்திலோ ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் எல்லாரும் சான்று கேட்டு எழுதுகிறார்கள். ‘இன்னார் இன்ன வருஷம் முதல் இங்கே வேலை செய்தார்’ என்று ஒரு தாள். இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்ததற்கு அவர்களிடம் வேறு அத்தாட்சி கிடையாது.

போன மாதம் இந்தத் தபாலோடு நாய் பட்ட பாடு. இப்போது பரவாயில்லை. என் குறுக்குவழிகள் வேலை செய்கின்றன.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், அம்மாவுக்கு இருமல் மருந்து, கொண்டை ஊசி.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். புழுக்கம். மின்விசிறி சுற்றுகிறது, காற்றைக் காணோம்.

குறுக்குவழிகளை ஒரு தடவை எழுதி வைக்கிறேன். நாளைக்குக் காய்ச்சலில் படுத்தால் மறந்து போகும்.

பதில்களுக்கு எண். பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, மனுவின் மூலையில் பென்சிலால் எண்ணை மட்டும் போட்டுத் தள்ளுவார். 1, கடிதம் கிடைத்தது. 2, ஆம், வேலை செய்தார். 4, ரப்பர் விலை. 6, அந்தக் காலத்துப் பதிவுகள் ஜப்பான்காரன் காலத்தில் அழிந்துவிட்டபடியால் சான்று தர இயலாததற்கு வருந்துகிறோம்.

வருவதில் பெரும்பாலும் 6. அதனால் தபால் பிரிக்கும் முன்பே 6-ஐ ஒரு கத்தை அடித்து வைத்துவிடுவது. பெயர், விலாசம் மட்டும் காலி.

டைப்ரைட்டரில் டபுலேட்டர் விசை. தேதிக்கு ஒரு நிறுத்தம், பெயருக்கு ஒன்று. தட்டினால் உருளை தானாக ஓடிப்போய் நிற்கும். கண்ணால் தேட வேண்டாம்.

கார்பனும் தாளும் முதல் நாளே அடுக்கி வைப்பது.

மனுவைப் படிக்கக் கூடாது. இது முக்கியம். மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் கருணை, பாதம், குழந்தை குட்டி என்று எழுதி வைத்திருப்பார்கள். படிக்க ஆரம்பித்தால் அன்றைய வேலை போச்சு. எண், பெயர், விலாசம். வேறெங்கும் கண் போகக் கூடாது.

மத்தியானத்துக்குள் மேசை சுத்தம். மேனேஜர் துரை பார்த்துவிட்டு ‘வெரி குட், மிஸ்’ என்றார். அவரும் குறுக்குவழிக்காரர்தான். சாயங்காலம் கையெழுத்துப் போடும்போது கடிதங்களின் கீழ்மூலையை மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறார். மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. ஏனோ தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. மருந்து கசக்கிறதாம், குடிக்க மாட்டாளாம்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மாலையில் வந்து அம்மாவுக்கு நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டுப் போனாள். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸராக இருந்த நாளிலிருந்து தெரிந்தவள். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் வரிசையில், தலையில் துணி கட்டிக்கொண்டு அவள் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கப்பலில் வரும்போது பால் பல்கூட விழவில்லையாம். இப்போது ஒரு சீன முதலாளி, தவுக்கே, வீட்டில் துணி துவைக்கிறாள். மகளைச் செமாபோக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை.

“ஏம்மா ராஜி, பேப்பர் இல்லாதவங்கள ஊருக்கு அனுப்பிடுவாங்களாமே, மெய்யா?”

“அதெல்லாம் கடைல உக்காந்து பேசுற பேச்சுக்கா.”

“ஊர்ல எனக்கு யாரிருக்கா? எறங்குனா எந்தப் பக்கம் போவணும்னுகூடத் தெரியாது.”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கை மட்டும் அம்மா நெஞ்சில் நின்றுவிட்டது.

ஜூலை 12, சனி

அரை நாள் வேலை. மேகம் மூடிக் கிடந்தது, பெய்யவில்லை.

வீட்டுக்குள் நுழையவில்லை, அஞ்சலை அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து, புதுப் புடவை. கையில் கம்பெனி உறை.

“உங்க கம்பெனி சூராட், அதான் கடுதாசி, குடுத்துருச்சும்மா! ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ பாவம், களைச்சுப் போய் வர்றே. டவுன்ல மனு எழுதுறவருகிட்டப் போயி எழுதிப் போட்டுட்டேன். விலாசம் மருமவன் வீட்டுது. அது எங்க, லாரி ஓட்டத்தான் தெரியும், இங்கிலீசு தெரியாது. நீ படிச்சுச் சொல்லு.”

பிரித்தேன். 6.

கீழே இடது மூலையில், அடித்தவர் யார் என்று காட்டப் போடுகிற பெயரின் முதலெழுத்துகள். என்னுடையவை. அஞ்சலை என்று எத்தனை பேர். செமாபோக் என்று எத்தனை விலாசம். நான் பெயரைத் தட்டினேன், விலாசத்தைத் தட்டினேன், அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“நல்லாருக்குல்ல?”

“நல்ல கடிதம்தான்க்கா. பத்திரமா வைங்க.”

சொல்லிவிட்டேன். பாவி, சொல்லிவிட்டேன். புடவையைப் பார்த்ததும் வேறு வார்த்தை வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மழை, வெயில், மறுபடியும் மழை.

கோயிலுக்குப் போகவில்லை. அவள் அங்கே இருப்பாள்.

துணி துவைத்தேன். அலமாரியைக் காலி செய்து திரும்பவும் அடுக்கினேன். அம்மா: “யாரு மேல கோவம்? துணி கிழியுது பாரு.” யார் மேலும் இல்லை என்றேன்.

திங்கட்கிழமை பெரிய கிராணியிடம் சொல்லி அஞ்சலை அக்கா இருந்த தோட்டத்து ரிஜிஸ்டரைத் தேடச் சொல்ல வேண்டும். இருந்தால் 6-க்குப் பதிலாக 2. ‘அக்கா, அதைக் கொடுங்க, இதை வைங்க’ என்று மாற்றிவிடலாம். அவளுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. இப்படி யோசித்ததும் கொஞ்சம் சோறு இறங்கியது.

ஜூலை 14, திங்கள்

அஞ்சலை அக்கா பெயரையும் தோட்டத்தையும் சொன்னேன். பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் இதுதான்.

“சார், அந்தத் தோட்டத்துப் பழைய ரிஜிஸ்டர் நம்ம ஸ்டோர்ல இருக்கா?”

“இருக்கலாம்.”

“அப்ப அழிஞ்சு போச்சுன்னு எழுதுறோமே?”

“சிலது அழிஞ்சிச்சு, சிலது இருக்கு. யாரும்மா ஒக்காந்து தேடுறது? இன்னைக்கு ஒருத்திக்குத் தேடிக் குடுத்தா நாளைக்கு மலாக்கா பூரா வாசல்ல நிக்கும். தொரைக்குத் தெரிஞ்சவங்க வந்தா ரெண்டு போடுவோம். மத்தவங்களுக்கு ஆறு.”

“எனக்குத் தெரிஞ்சவங்க சார்.”

“ஒனக்கு மாசாமாசம் சம்பளம் வருதுல்ல? அம்மா எப்படி இருக்காங்க?”

நலம் விசாரிப்பு மாதிரிதான் இருந்தது. இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கத்தையிலிருந்து ஒரு 6-ஐ உருவி உருளையில் ஏற்றினேன். பெயர், விலாசம். அடுத்தது.

இன்றைக்கு எல்லா மனுவையும் படித்தேன். மேசை சுத்தமாகவில்லை. துரை ‘உடம்பு சரியில்லையா’ என்று கேட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் வெளியே. ஆணியில் சாவி.

ஸ்டோரில் கரையான், எலிப் புழுக்கை, பழைய டயர். ரிஜிஸ்டர்கள் மூலையில் சாய்ந்து கிடந்தன. பாதி மண்ணாகிவிட்டது. அஞ்சலை அக்கா இருந்த தோட்டத்துடையது முழுசாக இருக்கிறது. அட்டைகூடக் கிழியவில்லை. பால் வெட்டும் பெண்கள் பக்கத்தில் அவள் பெயர், அவள் அப்பன் பெயர், சேர்ந்த வருஷம். ஜப்பான் சண்டைக்கு முன்பும் இருக்கிறது, பின்பும் இருக்கிறது.

தேட எத்தனை நேரம் ஆயிற்று? வாங்கி வைத்த தேத்தண்ணி ஆறவில்லை.

இவ்வளவுதானா. இவ்வளவுக்கா இத்தனை பேருக்கு வருத்தம் தெரிவித்தோம்.

ஜூலை 16, புதன்

செய்துவிட்டேன்.

2 அடித்தேன். பெயர், தோட்டம், வருஷங்கள், எல்லாம் ரிஜிஸ்டரில் உள்ளபடி. ஒரு எழுத்துப் பொய் இல்லை. கத்தையின் நடுவில், மேலும் கீழும் 6-களாக வைத்து உள்ளே அனுப்பினேன். கதவுக்கு வெளியே நின்றேன். பேனா கீறுகிற சத்தம், தாள் புரளுகிற சத்தம். துரை பாதியில் இருமினார். எனக்கு உயிர் போய் வந்தது.

கத்தை திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் கையெழுத்து.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். நேரே அவள் வீட்டுக்கு. அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னைக்கு வந்த கடிதத்தைக் குடுங்க. கம்பெனில இன்னொண்ணு குடுத்திருக்காங்க. இதுதான் நல்லது.”

“அன்னைக்கே பிரஜாவுரிமை மனு எழுதி வாங்கி, திங்கக்கெழம அதோட சேத்து ஆபீசுல குடுத்துட்டேனே! வாங்கி ஊசி குத்தி வச்சிக்கிட்டாரு. நீதான நல்ல கடுதாசின்னே?”

கருவாடு கருகியது. அவள் திரும்பிப் பார்த்து ‘ஐயையோ’ என்று ஓடினாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு சொன்னேன். எல்லாவற்றையும். முதல் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, அடித்தது யார், ஏன் அன்றைக்கு மறைத்தேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“அப்ப என்னைத் தெரியாதுன்னு எழுதியிருக்கா, ராஜி?”

“ஆமாக்கா.”

கருகிய கருவாட்டைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

தலைவலி. நடந்ததெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கசக்கிற மருந்தை ஒரே மடக்கில் குடித்தாள்.

பிறகு: “ரெண்டாவதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன ஆகும்?”

“ஒரே கம்பெனி, ஒரே கையெழுத்து. ஒண்ணுல இல்லை, ஒண்ணுல ஆமா. கம்பெனிக்கு போன் போட்டுக் கேப்பாங்க. என்னைத் தூக்கிடுவாங்க.”

“குடுக்காட்டி?”

அம்மாவுக்குத் தெரியாததா. இந்த வீட்டில் சம்பளம் என் ஒருத்தியுடையதுதான், அதுவும் அம்மாவுக்குத் தெரியும்.

ஜூலை 19, சனி

அஞ்சலை அக்காவுக்குப் பிரஜாவுரிமை ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கடிதம் அத்தாட்சி ஆகாதாம், செவ்வாய்க்கிழமை நேரில் வர வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம், செமாபோக்கிலிருந்து வந்த மகள் அழுகிற சத்தம். பிள்ளையும் சேர்ந்து அழுகிறது.

மாலையில் வேலியோரம் வந்து நின்றாள். “நீ வர வேணாம்மா. ஒன் வேலைய நான் கெடுத்தா அந்தப் பாவம் எனக்கு. அந்தக் கடுதாசிய எங்கிட்டக் குடு, நானே நீட்டிக்கிறேன். யாரு அடிச்சதுன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிர்றேன்.”

மூலையில் என் எழுத்துகள் இருக்கின்றன என்று அவளிடம் எப்படிச் சொல்வது. கோபமாக வந்தது, அவள் மேலேயே. திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் சுமத்ரா காற்று. கூரைத் தகரம் கிடுகிடுவென்று ஆடியது. உடம்பு சரியில்லை என்று கம்பெனிக்குச் சொல்லியனுப்பினேன். பொய்யும் இல்லை.

அக்கா வேண்டாமென்றாலும் கூடவே போனேன். பண்டார் ஹிலிரில் பிரஜாவுரிமை ஆபீஸ். நீளமான பெஞ்சு. பெஞ்சு முழுக்க நம் ஆட்கள். அஞ்சலை அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மலாய்க்காரர், சொங்கோக் தொப்பி, என் வயதுதான் இருக்கும். மனுவோடு குத்தியிருந்த 6-ஐ எடுத்தார். நான் 2-ஐ நீட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்து, தேதி, கீழ்மூலை.

“மானா சத்து பெத்துல்?” எது சரி என்று கேட்டார். கோபமாக இல்லை.

“என்னம்மா கேக்குறாரு?” என்றாள் அக்கா.

நான் அவரிடமே மலாயில் சொன்னேன். இரண்டையும் அடித்தது நான்தான். இரண்டாவதுதான் சரி. ரிஜிஸ்டர் எங்கள் ஸ்டோரில் இருக்கிறது, நானே கண்ணால் பார்த்தேன், வேண்டுமானால் கம்பெனிக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

“அப்படியென்றால் முதலாவது?”

“முதலாவது எல்லாருக்கும் அனுப்புவது.”

என் முழுப் பெயர் கேட்டார், எழுதிக்கொண்டார். மத்தியானம் கம்பெனிக்கு போன் செய்வதாகச் சொன்னார். பிறகு 2-ஐ மனுவின் மேல் வைத்துக் குத்தினார். அக்காவிடம் மைப்பெட்டியைத் தள்ளினார். அவள் கட்டைவிரலை நான் பிடித்து அமுக்கினேன். பிரஜாவுரிமைத் தாள் வீட்டுக்கு வரும், போகலாம் என்றார். அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, வெளியே பிள்ளையோடு காத்திருந்த மகளிடம் சொல்ல ஓடினாள். ஓடும்போது செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று கிடந்தது.

நானும் எழுந்தேன்.

“நீங்கள் உட்காருங்கள்.”

அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். எல்லாம் மனு. ஒவ்வொன்றின் மேலும் ஊசி குத்திய 6. ஒவ்வொன்றின் கீழ்மூலையிலும் என் எழுத்துகள். அஞ்சலை அக்கா மாதிரியே, கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள்.

“இதில் எத்தனை பேருக்கு ரிஜிஸ்டர் இருக்கிறது?”

தெரியாது என்றேன்.

“சரி. பெயரைப் படியுங்கள். ஒன்று ஒன்றாக.”

படித்தேன். முனியாண்டி. காளியம்மா. பெரியசாமி. இன்னொரு அஞ்சலை. எல்லாம் நான் அடித்த பெயர்கள். ஒருத்தர்கூட ஞாபகத்தில் இல்லை.