எழுபத்தாறு கிலோ

ஜனவரி 14
குதிரை லாய அலுவலகத்தில் ஞாயிறு பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் வேலை. தம்பி லோர்கன் பெயரை எழுத முடியாது. தர்லஸ் பந்தயத்தில் நான்காவது தடுப்பைத் தாண்டும்போது விழுந்து இரண்டு நிமிடம் நினைவின்றிக் கிடந்தான். டப்ளின் மருத்துவர் சரி என்று எழுதித் தரும்வரை குதிரை ஏறக் கூடாது. முதலாளி ஹேவர்ட்டி எட்டிப் பார்த்தார். "உன் தம்பி இல்லாட்டி வேற ஆளா இல்ல?"

ஜனவரி 19
தண்ணீர் ஊற்றாமலே கெட்டிலை அடுப்பில் வைத்தான் லோர்கன், இரண்டாம் முறை. "தூக்கக் கலக்கம்க்கா," என்றது லோர்கன் அல்ல, அச்சில் வார்த்தாற்போல் அதே முகம் கொண்ட அவன் இரட்டைச் சகோதரன் டோனா. லோர்கனுக்காக டோனா பதில் சொல்வது எப்போதிருந்து?

ஜனவரி 24
இருவரும் டப்ளின் போய் வந்தார்களாம். அங்கே நாள் முழுக்க மழை. டோனாவின் காலணி மட்டும்தான் ஈரம்.
"டாக்டர் என்னடா கேட்டார்?"
லோர்கன் டோனாவைப் பார்த்தான்.
"நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைக்கச் சொன்னாரு. எங்க, பட்டதாரியம்மா சொல்லட்டும் பாப்போம்!" டோனா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 25
இந்த வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்தி. சொந்தத் தம்பிகளைச் சந்தேகப்படவா படித்தேன்?

ஜனவரி 29
மருத்துவரின் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. நினைவாற்றல் நன்று. எடை 76 கிலோ.
லோர்கன் அறுபத்திரண்டைத் தாண்டினால் அவனுக்குக் குதிரையே கிடையாது. பால்பண்ணையில் தீவன மூட்டை தூக்கும் டோனாதான் எழுபத்தாறு. எடை மேடையைக் கண்டு பயந்து பழகாதவன். ஏறச் சொன்னதும் லோர்கன் பெயரில் ஏறியிருக்கிறான்.
ஹேவர்ட்டியின் விரல் அந்த எண்ணின் மேல் சற்று நின்றது. "சரின்னு போட்டிருக்குல்ல? பேரைக் குடு." அவருக்கும் தெரியுமா? யாருக்குத்தான் தெரியாது—எனக்கு மட்டுமா?

ஜனவரி 30
டோனாவைத் தொழுவத்தில் பிடித்தேன். மறுக்கவில்லை.
"அவன்தான் கெஞ்சினான்க்கா. ஒரு மாசம் உக்காந்தா அவன் குதிரைல எவனாவது ஏறிடுவான்."
"இன்னொரு தடவ விழுந்தா? அவன் தலைடா அது!"
"நீ சொன்னா அவன் கதை முடிஞ்சுது. சொல்லுவியா?"
நாளை மறுநாள் பந்தயம்.

ஜனவரி 31
பந்தயச் சங்க மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். எடையை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 11
லோர்கனின் உரிமம் ரத்து. எனக்கும் இனி அலுவலகத்தில் வேலை இல்லை. வீட்டில் இருவரும் என் முகம் பார்ப்பதில்லை.

மார்ச் 3
தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். லோர்கன் பக்கத்தில் வந்து நின்றான்.
"அக்கா, நான் மொத்தம் எத்தனை ரேஸ் ஜெயிச்சேன்?"
"நாலுடா."
"நாலா! பரவால்லையே."
ஒரு மாதம் கழித்துப் பேசுகிறானே என்று கண் கலங்கியது. கடைசித் தட்டுக்கு வருவதற்குள் மறுபடி வந்து நின்றான். அதே கேள்வி, அதே குரலில்.
"நாலு," என்றேன்.
டோனா மேசையிலிருந்து எழுந்து வந்தான். என் தோளிலிருந்த துண்டை எடுத்து, தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினான்.