டீச்சர் கைதட்டிய வாக்கியம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? தங்கச்சி, ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ் நடக்கிறது. நேற்று டீச்சர் 'பேக் பர்னர்' சொல்லிக்கொடுத்தார். அவசரமில்லாத சட்டியைப் பின்னடுப்புக்குத் தள்ளுவதுபோல, ஒரு காரியத்தை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்குவதாம். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். நான் டக்கென்று, "அம்மாவோட கண் ஆபரேஷனை பேக் பர்னர்ல வெச்சிருக்கேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

டீச்சர் கைதட்டி, அதைப் போர்டில் எழுதினார். அத்தனை பேரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"எனக்கென்னப்பா அவசரம், நீ வேலையப் பாரு" என்பீர்கள். நானும் அதையே சாக்காக வைத்து, ஊருக்கு வர லீவு கேட்காமல் இருந்துவிட்டேன். இன்று கேட்டுவிட்டேன், கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தேதி வாங்குங்கள். அப்படியே உங்கள் குரலைப் போனில் பதிவுசெய்து அனுப்பத் தங்கச்சியிடம் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

எங்களை ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது. அந்த வாக்கியம் இன்னும் போர்டில்தான் இருக்கிறது. தேதி தெரிந்ததும் நானே போய் அழிக்கிறேன்.

உங்கள் மகன்