டேஷ்போர்டுக்குள் இருந்த குட்டி மைக்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் கழுத்துவலி குறைந்ததா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று திட்டாதே, சொல்கிறேன்.

நான் ஓட்டும் காருக்கு முதலாளி புது ஆடியோ செட் வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். நல்ல பேர் வாங்கலாமே என்று நானே டேஷ்போர்டைக் கழற்றிவிட்டேன். வீட்டில் ஒரு பல்புகூட மாட்டாதவன்! ஒயரை மாற்றிக் கொடுத்ததில் பாட்டு பின் சீட்டில் மட்டும் கேட்டது. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உள்ளே ஒரு குட்டி மைக் இருந்தது. செட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒயர். பழைய குப்பை என்று வெட்டிவிட்டேன்.

மறுநாள் முதலாளி கார் பக்கமே வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "அந்தச் சின்ன ஒயரை ஏம்பா வெட்டினே? திரும்ப மாட்டிடு" என்றார். பிறகு சிரித்தபடி, "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்றார்.

காய்ச்சலைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிட்டதில்லை. காரில் உட்கார்ந்து போனில் உன்னிடம்தான் பேசினேன். முதலாளி பிடுங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டை எப்படியாவது வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று அழுததும் அங்கேதான்.

மைக்கை மாட்டிவிட்டேன். சட்டென்று நிறுத்தினால் சந்தேகம் வரும் என்பதால் காரிலிருந்தே பேசுவேன். முதலாளி தங்கமானவர் என்பேன், நீயும் ஆமாம் போடு. பாப்பாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பேசவிடு.

லீவில் ஊருக்கு வரும் இந்த வீட்டுச் சமையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது, பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஒன்று கொடுத்துவிடு. கார் கண்ணாடி துடைக்கத்தான்.

முதலாளி ஹாரன் அடிக்கிறார். என்றாவது நான் பேச்சோடு பேச்சாக, "பாட்டு நல்லாக் கேக்குது" என்று சொன்னால், அண்ணனைக் கூட்டிக்கொண்டு உடனே போலீஸுக்குப் போ.

பாப்பாவின் அப்பா