நாவலில் இல்லாத அத்தை

மார்ச் 6, வெள்ளி

கடையில் இன்று நல்ல கூட்டம். காலையிலேயே ஒரு பெரியவர் தன் மூக்குக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டு, "தானா வளைஞ்சுடுச்சும்மா" என்று வந்து நின்றார். சூடு காட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது தம்பி போன் செய்தான். "அக்கா, குரூப்பைப் பாரு. பூச்சியோட புத்தக அட்டை வந்திருக்கு!"

பூச்சி என்பது தம்பி மகளுக்கு நான் வைத்த பெயர். அவள் எழுதிய நாவல் செப்டம்பரில் வெளியாகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் படிப்பதற்கானதாம். நாடு விட்டு நாடு வந்த ஒரு குடும்பம், மூன்று தலைமுறை. வேறு யார்? எங்கள் கதைதான்.

அட்டையில் மூன்று பெண்களின் முதுகு தெரிகிறது. கொண்டை போட்டது பாட்டி. ஓரத்தில் ஒரு சின்னப் பெண். நடுவில் ஒருத்தி, கையில் பெட்டியோடு. அது நானாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியோடு இங்கே முதலில் வந்து இறங்கியவள் நான்தானே.

கடை முதலாளியிடம் காட்டினேன். கண் பரிசோதிக்கும் பெண்ணிடம் காட்டினேன். அந்தப் பெரியவரையும் விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "உங்க முதுகு இவ்வளவு ஒல்லி இல்லையே" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

வழக்கம்போல் தம்பி வீட்டில் சாப்பாடு. பேச்செல்லாம் நாவல்தான். "தொப்பைன்னு மட்டும் எழுதாம இருந்தா சரி" என்றான் தம்பி. அவன் மனைவிக்கு உண்மையிலேயே கவலை. "என்னை என்னன்னு எழுதியிருக்காளோ அண்ணி. திட்டினது அடிச்சது எல்லாம் வந்திருக்குமோ?"

"நீ எங்க அடிச்ச? அதுக்கு வீட்டுல இருக்கணுமே" என்றேன். சிரித்தாள், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. குத்தலாகத்தான் சொன்னேன். முதியோர் இல்லத்தில் பகல் வேலை, முடிந்ததும் அலுவலகங்களைக் கூட்டும் வேலை என்று அவள் ஓடிய வருடங்களில் பூச்சி வளர்ந்தது என் இடுப்பில்.

என்னை எப்படி எழுதியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. இரண்டு குளிர்காலம் என் அறைக்கு வந்து, போனை நடுவில் வைத்துப் பதிவு செய்து, கேள்விமேல் கேள்வி கேட்டவள் அவள். கோழி வெட்டும் தொழிற்சாலை, தரைக்குக் கீழே இருந்த வாடகை அறை, தம்பி குடும்பத்தை வரவழைக்க ஏறி இறங்கிய படிகள் — எல்லாம் சொன்னேன். கடைசியில் ரொட்டிக்கடைக்காரரைப் பற்றியும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. "எழுதிக்கோ. ஆனா உன் அப்பன் கேட்டா கற்பனைன்னு சொல்லிடு." "சத்தியமா அத்தை" என்று என் உள்ளங்கையில் அடித்தாள்.

ஏப்ரல் 21

வெளியீட்டு விழாவுக்கென்று இப்போதே ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிட்டேன். என்ன அவசரமோ.

மே 15, வெள்ளி

பூச்சி வந்தாள். அச்சுக்கு முந்தைய பிரதி ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதை என்னிடம் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போயிற்று.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. கதையில அத்தை இல்லை."

எனக்குப் புரியவில்லை. "செத்துப்போயிடறாளா?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தை, அப்படி ஒரு ஆளே இல்லை. முதல்ல இருந்தாங்க. பதிப்பகத்துல எடிட்டர்தான், பெரியவங்க ரொம்ப அதிகம், படிக்கிற பிள்ளைங்க குழம்பிடுவாங்க, ரெண்டு பேரை ஒண்ணாக்கிடுங்கன்னாங்க. அதனால உங்களையும் அம்மாவையும் சேர்த்து... ஒரே அம்மா. நீங்க எங்கயும் போகலை அத்தை. நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட நான் விடலை."

"எல்லாம் இருக்கு. நான் மட்டும் இல்லை."

"அப்படிச் சொல்லாதீங்க."

"ஒண்ணாக்கினப்போ அத்தையை வெச்சுட்டு அம்மாவை எடுத்திருக்கலாமே?"

என்ன பதில் இருக்கும்? அம்மாவை எடுத்துவிட்டு அத்தையை வைத்துக்கொள்கிற கதை எங்கே இருக்கிறது?

போகும்போது கட்டிப்பிடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. அவள் போனபிறகு அழுவேன் என்று நினைத்தேன். பாத்திரம்தான் கழுவினேன்.

மே 23, சனி

படித்து முடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், பாவி. அதுதான் வயிற்றெரிச்சல். சுமாராக எழுதியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன்.

கோழித் தொழிற்சாலையில் அம்மா நிற்கிறாள். காய்ச்சலில் துவண்ட குழந்தையை, பஸ் நின்றுபோன பனியில் முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அம்மா நடக்கிறாள். அந்த நேரம் நிஜ அம்மா ஏதோ ஒரு அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நடந்தவள் நான். என் முதுகு. பூச்சியின் மூச்சு என் கழுத்தில் சுட்டது — எனக்குத்தான் சுட்டது.

ரொட்டிக்கடைக்காரரின் காது மடலில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும் என்று சொல்லியிருந்தேன். அப்படியே இருக்கிறது. வேறு ஊரில் சொந்தமாகக் கடை போடுகிறேன், நீயும் வா என்று அவர் கூப்பிட்டது இருக்கிறது. தம்பியை வரவழைக்கும் காகிதங்கள் முடியும்வரை இந்த வேலையையும் விலாசத்தையும் விட முடியாது என்று நான் சொன்னது இருக்கிறது. தம்பிக்குப் பதில் பெற்றோர் என்று மாற்றியிருக்கிறாள். அவர் ஒரு வருடம் காத்திருந்துவிட்டுப் போனது இருக்கிறது.

அதற்குப் பிறகு கதையில் அந்த அம்மாவுக்கு வேறு ஒருவரோடு கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் நான் கதைக்கு ஆகாமல் போய்விட்டேன் போல.

ஜூன் 14, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி தம்பி வீட்டுக்குப் போகவில்லை. தலை வலிக்கவே இல்லை.

செப்டம்பர் 12, சனி

நூலகத்துக் கூடத்தில் வெளியீடு. போகக் கூடாது என்றிருந்தேன். தம்பி வந்து வண்டியில் ஏற்றிவிட்டான்.

பூச்சி அழகாகப் பேசினாள். கடைசியில் தன் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டாள். ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து, அந்தக் கோழித் தொழிற்சாலை நிஜமாகவே அவ்வளவு குளிராக இருக்குமா என்று கேட்டாள். பூச்சி வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி மைக்கை வாங்கினாள்.

"ஆமாம்மா. விரல் எல்லாம் விறைச்சுப் போகும். வீட்டுக்கு வந்து வெந்நீர்ல வெச்சா ஊசி குத்துற மாதிரி இருக்கும்."

என் வார்த்தை. இந்த ஊர் மொழியில், தப்பும் தவறுமாக, என் வார்த்தை! கோழித் தொழிற்சாலையின் வாசலைக்கூட அவள் பார்த்ததில்லை.

ஒரே கைதட்டல். எல்லாருடைய பைகளையும் குடைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார், நானும் தட்டினேன். குடைகள் சரிந்து தடதடவென்று விழுந்தன.

திரும்பும்போது வண்டியில் அவள் மெதுவாக, "ஏதாவது சொல்லணுமேன்னு வாய்ல வந்துடுச்சு அண்ணி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 30, புதன்

கடைக்குத் தம்பி மனைவி வந்தாள். வாடிக்கையாளர் மாதிரி முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"அவர் என்கூடப் பேசி ஒரு வாரமாச்சு அண்ணி. வேன்ல சாமான் இறக்குற நேரத்துல எல்லாம் படிச்சு முடிச்சிருக்கார். யார் அந்த ரொட்டிக்கடைக்காரன்னு கேக்குறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கே வரலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"கற்பனைப்பான்னு பூச்சி சொல்லிட்டா. நம்ப மாட்டேங்கறார். காதுல மாவு ஒட்டியிருக்கறதை எல்லாம் யாரும் கற்பனை பண்ண மாட்டாங்களாம்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நடக்கலைன்னா அது உங்களுக்கு நடந்ததுதான் அண்ணி. எனக்குத் தெரியுது. அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

எங்கிருந்து அவ்வளவு வந்ததோ. "ஃபாக்டரியை எடுத்துக்கிட்ட. பனியில நடந்ததை எடுத்துக்கிட்ட. கைதட்டலையும் வாங்கிக்கிட்ட. இப்ப அந்த ஆளு மட்டும் எனக்கா? அவரையும் வெச்சுக்கோ. மொத்தமா நீயே வெச்சுக்கோ!"

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவள் அழவில்லை. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நான் எதையும் கேட்டு வாங்கலை அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 1

நல்லாக் கேட்டேன். கேட்க வேண்டியதுதானே? இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தது போதாதா?

ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

தம்பி வந்தான். சவரம் செய்யாத முகம். உட்காராமல் அறைக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடி ஊர்ல அவளுக்கு யாராவது இருந்தாங்களா?"

"அந்தப் புத்தகத்துல ஃபாக்டரி யாரோடது?"

"உன்னோடது."

"பனியில தூக்கிட்டுப் போனது?"

"அதுவும் நீதான். அது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ரொட்டிக்கடைக்காரர் மட்டும் எப்படி அவளோடது ஆனார்?"

"உனக்குத்தான் அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதே அக்கா."

வெளியே வெயில் அடிக்கிறது என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

"அது நான்தான்டா" என்றேன். "என்னைத்தான் கூப்பிட்டார். உன் காகிதம் முடியலை. அதனால போகலை."

இத்தனை வருடம் நான் பயந்தது இந்த ஒரு நிமிஷத்துக்கு. இது தெரிந்தால் அவன் நொறுங்கிப்போவான், என் முகத்தில் விழிக்க மாட்டான் என்றுதான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு தோள் இரண்டும் தளர்ந்தன.

"நீயா? அப்பாடா!" சிரித்தேவிட்டான். "ஒரு வாரமா தூக்கமே இல்லை தெரியுமா? கடைசியில நீயா!"

உட்கார்ந்து டீ கேட்டான். இரண்டு தம்ளர் குடித்தான், பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவளுக்குப் போன் செய்தான். "அக்காவோடதாம். ஆமா, நம்ம அக்காதான். சரி சரி, விடு. வரும்போது பால் வாங்கிட்டு வரவா?"

உன் காகிதம் என்று நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா?

அக்டோபர் 5

பால் வாங்கிட்டு வரவான்னு கேக்குறான்.

நவம்பர் 8, ஞாயிறு

ஞாயிறுகளில் இப்போது எங்கும் போவதில்லை. பூச்சி போன் செய்தாள். புத்தகம் இரண்டாவது அச்சு போகிறதாம்.

"அடுத்த நாவல் முழுக்க உங்களைப் பத்தித்தான் அத்தை. வந்து உட்காரட்டுமா? நிறையக் கேக்கணும்."

"இந்தத் தடவை யாரோட சேர்த்து ஒண்ணாக்கப் போற?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தூக்குவேன்.

"என்கிட்ட இருந்ததை எல்லாம் குடுத்தாச்சு பூச்சி. இனிமே ஒண்ணும் இல்லை" என்றேன்.

பொய். இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 9, புதன்

கடை மூடும் நேரத்துக்குத் தம்பி மனைவி வந்தாள். செப்டம்பருக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். படிக்கிற கண்ணாடியின் ஒரு கால் லூசாகிவிட்டதாம். வாங்கி விளக்கடியில் வைத்தேன்.

"ராத்திரிதான் புத்தகத்தை முடிச்சேன் அண்ணி" என்றாள். "அகராதியை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு பக்கமா."

"ம்."

"அந்த ரொட்டிக்கடைக்காரர் ஊரை விட்டுப் போறப்போ கடைசியா வந்து தெருவுல நின்னார்னும், அந்த அம்மா ஜன்னல்கிட்டகூட வரலைன்னும் எழுதியிருக்கா. நீங்க நிஜமாவே வரலையா?"

திருப்புளி கையில் நின்றது. "வந்தேன். திரைக்குப் பின்னாடி நின்னேன். பூச்சிகிட்ட அதைச் சொல்லலை."

"ரொம்ப நேரம் நின்னாரா?"

"ரொம்ப நேரம்."

அவள் தலையாட்டினாள். மேடையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. திருகை முடுக்கி, துடைத்து, கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டினேன். காதோர முடியை ஒதுக்கி, இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நரை கூடிவிட்டது அவளுக்கு.

"அவர் பேரு என்ன அண்ணி?"

பூச்சி கேட்டதில்லை, கதைக்கு அவளாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். தம்பி கேட்கவில்லை.

சொன்னேன். இத்தனை வருடத்தில் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. குரலே எழும்பவில்லை போலிருக்கிறது. "என்ன?" என்று முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.