கூட்டி எழுதிய மூன்று சென்டிமீட்டர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், நெற்றியில் மூன்று தையலோடு உன் தங்கையும் நலம். அந்தத் தையல் நான் போட்டதல்ல, ஆஸ்பத்திரியில் போட்டது. பயப்படாமல் கடைசி வரை படி. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். வழக்கம்போல நான் தையல் மிஷினில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சின்னவள் துணி வெட்டும் மேஜையில் வைத்து எழுதுகிறாள். நான் பேச்சுவாக்கில் சொல்வதை எல்லாம் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், அதனால் எங்காவது நான் ரொம்பப் படித்தவள் போலத் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சின்னவள் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் பயிற்சி ஆரம்பித்ததைப் போன கடிதத்தில் சொன்னேன் இல்லையா. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, காலி பெயின்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து, விளையாட்டு டீச்சர் சொல்லிக்கொடுக்கிறாள். கையைக் காட்டித் திரும்புவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது, கேட் வந்தால் காலை ஊன்றி நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது, எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே கோட்டை விட்டு விலகாமல் போவது. எல்லாருக்கும் ஹெல்மெட் வாங்கப் பள்ளிக்கூடமே முன்வந்தது. தலையளவு எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்? யூனிபார்ம் தைக்கிற என்னைத்தான். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே டேப்பைச் சுற்றி, நாற்பத்தொரு தலையையும் ஒரே மத்தியானத்தில் அளந்தேன். ஹெல்மெட்டுகள் வந்தபோது டீச்சர் ஒன்றை ஆட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே அக்கா என்றாள். வளருகிற பிள்ளைகள்தானே, ஒரு வருஷத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி, பழைய துணியில் பஞ்சு வைத்து நாற்பத்தொரு மெத்தை தைத்து உள்ளே வைத்துக்கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, சின்னவள் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது சக்கரம் டப்பாவில் இடித்து முன்பக்கமாக விழுந்தாள். அழவில்லை என்று எழுதச் சொல்கிறாள், எழுதிக்கொள்ளட்டும். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, வாரும் பூட்டித்தான் இருந்தது, ஆனால் மெத்தையோடு சேர்ந்து பின்னால் சறுக்கிப் பிடரிக்குப் போய்விட்டது. தரையில் பட்டது வெறும் நெற்றி. தையல் போட்டுக் கூட்டி வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, மனசு கேட்காமல் அளவு நோட்டை எடுத்தேன். அந்த நோட்டில் எப்போதும் இரண்டு கட்டம் போடுவேன் என்று உனக்குத் தெரியும். ஒன்று உடம்பு அளவு, இன்னொன்று மடிப்புக்கும் வளர்த்திக்கும் சேர்த்துக் கூட்டி எழுதுகிற வெட்டு அளவு. சின்னவள் பெயருக்கு நேரே முதல் கட்டத்தில் ஐம்பத்திரண்டு, இரண்டாவதில் ஐம்பத்தைந்து. பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிக்கொடுத்தது ஐம்பத்தைந்து. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் அதே மூன்று சென்டிமீட்டர். இருபது வருஷமாகக் கை தானாகக் கூட்டிப் பழகிவிட்டது, தலை என்றும் பார்க்காமல் கூட்டியிருக்கிறது.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம், அதில் அடியோடு எடுத்துவிடுவது என்று பேச்சு. டீச்சருக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்றார்கள், ஹெல்மெட்டே ஏமாற்று வேலை என்றார்கள். அப்பாவிடம் மட்டும் நோட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கும் தெரியாதப்போ நீயா ஏன் வாயத் திறக்குற? யூனிபார்ம் ஆர்டரும் போயிடும், பாத்துக்கோ" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், வருஷத்தில் பாதி வேலை அதை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி நின்றாலும் பிள்ளைகள் சைக்கிளில் வருவது நிற்கப்போகிறதா? அதே ரோட்டில், அதே லாரிகளுக்கு நடுவில், பின்னால் திரும்பிப் பார்க்கத் தெரியாமல், வெறும் தலையோடு வருவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு யூனிபார்ம் தைத்தால் அது யாருக்கு?

கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து நோட்டைத் தலைமை ஆசிரியையின் மேஜைமேல் விரித்து வைத்தேன். தப்பு டீச்சர்மேல் இல்லை, ஹெல்மெட்மேல் இல்லை, என் டேப்பின்மேல் என்று சொன்னேன். மருந்துக்கடைக்காரர், அவர் மகனும் ஏழாவதுதான், "என்ன டெய்லரக்கா, பேன்ட்டுக்கு மடிப்பு விடுற மாதிரி தலைக்குமா விட்டீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை. ஆமாம், விட்டேன், இப்போது பிரிக்க வந்திருக்கிறேன், பத்து நாள் கொடுங்கள் என்றேன். டீச்சர் எழுந்து, அன்றைக்கே இந்த ஹெல்மெட் வேண்டாமென்று அழுத்திச் சொல்லாதது தன் தப்பு என்றாள், அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தலைமை ஆசிரியை யோசித்துவிட்டு, பெற்றோர் ஒவ்வொருவரும் நேரில் வந்து தன் பிள்ளைக்குத் தானே ஹெல்மெட்டைப் பூட்டிப் பார்த்தால்தான் பயிற்சி என்று முடித்தார்.

அடுத்த நாள் மறுபடி தலையளவு எடுக்க மகனோடு முதல் ஆளாக வந்தது மருந்துக்கடைக்காரர்தான். என் கையை நம்பாமல் டேப்பில் எண்ணைத் தானே குனிந்து படித்தார், இரண்டு தடவை. படிக்கட்டும். இந்த முறை நோட்டில் ஒரே கட்டம்தான் போட்டேன். அடிபடாத நாற்பதையும் ஹெல்மெட் விற்ற கடைக்காரர் மாற்றிக்கொடுத்தார். சின்னவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, அடிபட்டதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு தடவை இடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடவே கூடாதாம். ஒரு விரல் அகலத் துண்டுத் துணியைக்கூட எறியாதவள் நான், யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அதன் வாரை என் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். நேற்று பயிற்சி மறுபடி ஆரம்பித்தது. சின்னவள்தான் முதலில் போனாள். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள், ஹெல்மெட்டும் தலையோடு சேர்ந்து திரும்பியது, சக்கரம் கோட்டிலேயே போனது. யூனிபார்ம் ஆர்டர் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வந்தால் வரட்டும்.

இதையெல்லாம் உனக்கு இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்கு சைக்கிளில் போகிறாய், ஹெல்மெட் கண்ணை மறைக்கிறது என்று ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிறாய் என்று எழுதியிருந்தாய். "ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன், உன் பிள்ளை அல்லவா" என்று வேறு எழுதியிருந்தாய். அதைப் படித்து அன்று சிரித்தேன், இன்று சிரிக்க முடியவில்லை. பெரிதாக வாங்கும் பழக்கத்தை உனக்கு ஊட்டியது நான்தான், நானே வெட்டிவிடுகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே சுற்றி, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் வெட்டு. அந்த நூலோடு கடைக்குப் போய் அந்த அளவுக்கு வாங்கு. வார் தாடைக்கடியில் ஒரு விரல் மட்டும் நுழைகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நீண்ட காலம் இரு. ஹெல்மெட் வாங்கியதும் அந்த நூலை மறக்காமல் எனக்குத் திருப்பி அனுப்பு. நோட்டில் உன் பெயருக்கு நேரே ஒரே ஒரு கட்டம் போட்டுக் காலியாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

(எழுதியது தங்கை. விழுந்தபோது நான் கொஞ்சம் அழுதேன்.)