உன் பெயரில் எடுத்த சாவி எண்கள்

இன்று காலை உன் போன் அடித்தது.

செங்கல்பட்டில் நீ வேலை பார்த்த அதே கார் சர்வீஸ் சென்டரில், பார்ட்ஸ் கவுண்டர் முன்னால் நின்றிருந்தேன். நம் கார் சாவி இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். இன்னொன்று வாங்கலாம் என்று போனேன். கவுண்டரில் இருந்த பெண் புதியவள், என்னைத் தெரியாது. ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு, "ஓனர் நம்பருக்கு ஒரு கால் பண்ணிட்டுத் தரேன் சார்" என்றாள். கார் உன் பெயரில் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ போன பிறகும் அணைக்க மனம் வராமல் நான் கூடவே வைத்துக்கொண்டு திரியும் உன் போன், சட்டைப் பையில் அடித்தது. எடுத்து, "அவங்க இல்லம்மா" என்றேன். எதிரிலேயே நின்றிருந்த அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. வருத்தப்பட்டாள். ஆனாலும், பெயர் மாற்றிக்கொண்டு வந்தால்தான் சாவி என்று சொல்லிவிட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்தது நீதான் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லாமலே ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில் நீதான் எனக்கு விளக்கினாய். இப்போதைய கார்களுக்குச் சாவி வெட்டினால் மட்டும் போதாது, இதுதான் உன் சாவி என்று காருக்கு அடையாளம் காட்ட வேண்டும், அதற்கு ஒவ்வொரு காருக்கும் ஒரு ரகசிய எண் உண்டு. அந்த எண் கைக்கு வந்தவன் கண்ணாடியை உடைக்க வேண்டாம், பூட்டை நெம்ப வேண்டாம். சொந்தக்காரன் மாதிரி ஏறி ஓட்டிக்கொண்டு போகலாம்.

ஒருநாள் ஒருவன் ஆர்.சி.யின் போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு வந்தான். முட்டுக்காட்டில் படகு ஏறும்போது சாவி தண்ணீரில் விழுந்துவிட்டதாம், பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்களாம். எண்ணைக் கொடுத்தால் போதும், தெரிந்த ஆளை வைத்துச் சாவி போட்டுக்கொள்கிறேன் என்றானாம். கொடுத்து அனுப்பு என்றுதான் சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். நீ பழைய சர்வீஸ் விவரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாய். கார் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது என்றார் போனை எடுத்தவர். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் போய்விட்டான்.

"குழந்தைங்க அழுவுதுன்னு சொன்னப்போ எனக்கும் மனசு கேக்கல. ஒரு போன் போட்டேன், அவ்ளோதான். இதுல புத்திசாலித்தனம் இன்னா கீது?" என்றாய் அன்று.

ஆனால் அந்தக் கவுண்டரில் இன்னொரு கதவு திறந்தே கிடந்தது. காலையில் முதலில் வந்து கம்ப்யூட்டரைத் திறப்பவள் நீ. உன் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்க எல்லோரும் அதில்தான் எண் எடுப்பார்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும் என்று மேனேஜரிடம் எத்தனையோ முறை கேட்டாய். வேலை தாமதமாகும் என்று தட்டிக்கழித்தார்.

பிறகு கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கார்கள் காணாமல் போகத் தொடங்கின. அவற்றின் எண்கள் எல்லாம் உன் பெயரில் எடுக்கப்பட்டிருந்தன.

ஸ்டேஷனுக்கு நானும் கூட வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் கைகளை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாய். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நீயும் சொன்னதையே சொன்னாய். சாயந்திரம் விட்டார்கள், கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி. விஷயம் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றது ஆபீஸ். உன்னோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. அச்சரப்பாக்கத்தில் உன் தம்பி வீட்டுக்குப் போனபோது அவன் என்னைத் தனியாக அழைத்து, "அக்காவ கொஞ்சம் விசாரிங்க மாமா" என்றான். உன்னிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. முன்போலவே சோறு போட்டான், முகத்தைப் பார்க்காமல்.

சில வாரம் கழித்து, திருட்டுக் கார் ஒன்றோடு பிடிபட்டவன் உண்மையைச் சொன்னான். எண்களை விற்றவர் உன் பக்கத்து சீட்டுக்காரர். நீ கவுண்டரில் இல்லாத நேரங்களில் உன் பாஸ்வேர்டில் எடுத்திருக்கிறார். நீ வைக்கும் மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர்.

ஸ்டேஷனில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாய். கீழே வலை வீசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி நின்றாய். போலீஸைத் திட்டுவாய் என்று நினைத்தேன்.

"அவங்க கேட்டாங்க, அது அவங்க வேலை. நானும் தெனம் வர்றவங்கள சந்தேகப்பட்டுத்தான கேக்கறேன்? கேட்டவங்க மேல கோவமில்ல. கேக்காமலே முடிவு பண்ணிக்கினாங்களே, அவங்களத்தான் என்னால மன்னிக்க முடியல."

அந்த மாதமே வேலைக்குத் திரும்பினாய். போவதற்கு முன் மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேட்டாய்: ஆளுக்கொரு பாஸ்வேர்டு, எந்தச் சாவிக்கும் முதலில் சொந்தக்காரருக்கு ஒரு போன். இந்த முறை அவர் மறுக்கவில்லை. அதன் பிறகு உங்கள் கவுண்டரிலிருந்து ஒரு எண்ணும் வெளியே போகவில்லை என்று நீ சொன்னபோது உன் குரலில் பெருமை இல்லை, களைப்புதான் இருந்தது.

அப்புறம் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் நர்ஸ் உன் பெயரைக் கேட்பாள். நான் எரிச்சல்படுவேன். நீ ஒவ்வொரு முறையும் அப்பா பெயரோடு சேர்த்து நிதானமாகச் சொல்வாய், கடைசி நாள்வரை.

போன வாரம் நான் ஓட்டும் கம்பெனி வேன்களில் டீசல் குறைகிறது என்று பேச்சு வந்தது. கேளம்பாக்கம் ஸ்டாண்டில் எல்லோரும் ஒரு டிரைவரைக் கண்ணால் காட்டினார்கள். அவன் தனியாக வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எடுத்தியாப்பா?" என்று கேட்டேன்.

அவன் கை சோற்றில் நின்றது. பிறகு சொல்ல ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.